வராத தேதியில் கழுவிய சாக்கடை

அனுப்புநர்:
மு. ராஜரத்தினம்,
காஜா பேராங், மலாக்கா.

பெறுநர்:
உயர்திரு துப்புரவுப் பகுதி அதிகாரி அவர்கள்,
மலாக்கா.

பொருள்: இன்னும் பிறக்காத தேதியில் கழுவப்பட்டதால் இன்று நாறிக் கிடக்கும் சாக்கடை குறித்து.

பெருமதிப்புக்குரிய ஐயா,

ஐந்தாம் வகுப்பை ஏறக்குறைய முடித்தவனும், இவ்வட்டாரத்தில் மனு எழுதப் பலராலும் கெஞ்சப்படுபவனுமாகிய நான் தெரிவிப்பது:

1. சாக்கடை கழுவி ஏழு நாளானால் மறுபடி கழுவ வேண்டும் என்பது தங்கள் விதி. ஆபீசில் தேதி காட்டும் கடிகாரத்தைப் பார்த்து, கழுவிய நாளைத் துப்புரவாட்களின் தலைவரான மண்டோர் பொன்னுதுரை பலகையில் எழுதுவார். இம்மாதம் பத்தாம் தேதி, மாதக் கடைசியில் வரும் மலாயாவின் சுதந்திர நாளை முன்கூட்டியே பார்க்கும் ஆசையில் தங்கள் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் கடிகாரத்தை முப்பத்தொன்றுக்குத் திருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மண்டோரும் கழுவி முடித்து, 31 என்று எழுதிவிட்டார். திங்களன்று கடிகாரத்தைத் திருத்தினார்கள், பலகையைத் திருத்தவில்லை.

2. ஏழு நாளாகியும் ஆள் வராததால் மண்டோரை விசாரித்தேன். "அண்ணே, முப்பத்தொன்னாந்தேதி கழுவியாச்சுன்னு பலகை சொல்லுது. அந்த நாளே இன்னும் வரல. அதுக்கப்புறம் ஏழு நாள் போவட்டும்" என்றார். நேற்று எங்கள் தெருவுக்கு வந்த காகம் ஒன்று பாதி வழியில் திரும்பிப் பறந்ததை என் கண்ணால் கண்டேன்.

3. ஞாயிறன்று என் தங்கை மகள் கமலவேணியைப் பெண் பார்க்க புக்கிட் ரம்பாயிலிருந்து வந்தவர்கள், கைக்குட்டையால் மூக்கை மூடியபடி, காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்கள். தன் முகம்தான் பிடிக்கவில்லை என்று அவள் நினைக்கிறாள். சாக்கடைதான் காரணம் என்றால், "மாமா வழக்கம்போல அளக்குறாரு" என்கிறாள். ஐயா, நான் சொன்னவற்றில் இது ஒன்று முழு உண்மை.

4. ஜப்பான்காரர்கள் ஊர்க் கடிகாரங்களை ஒன்றரை மணி முன்னே தள்ளியபோதும் என் சேவல் தன் நேரத்துக்கே கூவியது. ஜெனரல் ஒருவரே நேரில் வந்து பாராட்டினார். அதிலிருந்து பிறந்த என் யோசனை: கழுவியதும் பலகையில் ஏழு வளையங்களை மாட்டி, தினமும் விடிந்ததும் ஒன்றைக் கழற்றுங்கள், தீர்ந்ததும் மறுபடி கழுவுங்கள். கடிகாரத்தை எவர் திருகினாலும் வளையம் ஏமாறாது. அதுவரை, பலகையில் இன்னும் வராத தேதி தெரிந்தால் தவறு பலகையுடையது. உடனே கழுவிவிட வேண்டும்.

வரும் ஞாயிறு புக்கிட் பாருவிலிருந்து இன்னொரு வீட்டார் வருகிறார்கள். அதற்குள் கழுவ உத்தரவிட்டு, சென்ற வாரம் நாறியது சாக்கடையே என்று முத்திரையிட்டு ஒரு வரி எழுதித் தரவும் வேண்டுகிறேன். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

காஜா பேராங்,
20-8-1957.

தங்கள் உத்தரவுக்காக மூக்கைப் பிடித்தபடி காத்திருக்கும்,
மு. ராஜரத்தினம்