உள்ளே தாழிட்ட வண்டி

சனிக்கிழமை இரவுகளில் மட்டும் எங்களை விட்டுத் தனியே உறங்கப்போன அப்பாவுக்கு,

நீங்கள் போய் நேற்றோடு முப்பத்தொரு நாள். கிரியை எல்லாம் குறையில்லாமல் முடிந்தது என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு மட்டும் ஒன்று முடியாமல் கிடந்தது. அதையும் இன்று காலை நடந்ததையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். படிக்கிற மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

நீங்கள் வீட்டோடு தங்கி வேலை செய்த வீட்டுக்காரம்மா, உங்கள் சினியோரா, இறந்த பிறகு அவருடைய பிள்ளைகள் உங்கள் தலையில் கட்டிவிட்ட பழைய காம்பர் வண்டி. உள்ளேயே அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, இறக்கினால் கட்டிலாகிற மேசை. நாங்கள் குடியிருக்கும் சீசாப் பகுதியில் எங்கள் தெருவில் ஒரு ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லை. நீங்கள் அதை நகரத்தின் எல்லையில், பெருஞ்சாலையோரம் இருக்கும் சூதாட்ட மண்டபத்தின் தரிப்பிடத்தில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். இரவில் வண்டிக்குள் தங்க அங்கே விடுவார்கள். ஜெர்மனியிலிருந்து வரும் வயதான சோடிகள் ஓரிரவு படுத்துவிட்டு மறுநாள் போய்விடுவார்கள். நீங்கள் மட்டும் ஒவ்வொரு சனியும் போனீர்கள். வண்டியை ஓர் அடி நகர்த்தியதில்லை. ஞாயிறு காலை பஸ்ஸில் வீட்டுக்கு வருவீர்கள்.

"சூதாடுற இடத்திலை போய்ப் படுக்க உங்களுக்கென்ன விசரே? வீட்டிலை கட்டில் இல்லையோ?" என்று அம்மா கேட்பா.

"கட்டில் இருக்கு."

"பிறகென்ன? அங்கை ஆரும் வெள்ளைக்காரி கோப்பி போட்டுத் தாறாளோ?"

"ஓம். குடிக்காட்டி வண்டியை எடுக்கச் சொல்லுவாங்கள்."

அது உண்மைதான். இரவு தங்குகிறவர்கள் விளையாடத் தேவையில்லை, மண்டபத்துக்குள் வந்து ஒரு கோப்பி குடித்தால் போதும். அது காவலாளி நீனோவின் விதி. நாங்கள் சிரித்தோம். ஏன் போகிறீர்கள் என்று அதற்குமேல் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை, அப்பா?

எட்டாம் நாள் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, முன் அறையில் வாழையிலை கிடைக்காமல் தட்டில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் படிக்கட்டில் நின்றோம். திறக்கும் முன் மூன்று தரம் தட்ட வேண்டும். வந்து சாப்பிடுகிறவர் திடுக்கிடக்கூடாது. தம்பி குகனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "அக்கா, பஸ் போகப்போகுது" என்று சொல்லிக்கொண்டே தட்டாமல் கதவைத் திறந்துவிட்டான்.

அம்மா தட்டைக் குனிந்து பார்த்தா. "ஒரு பருக்கைகூட அசையேல்லை. கொப்பர் வரேல்லை, பிள்ளை."

அந்தச் சனி நீனோ தொலைபேசியில் அழைத்தார். உங்கள் வண்டியில் விளக்கு எரிகிறது என்றார். திரைச்சீலை இழுத்து மூடியிருக்கிறதாம். வண்டியின் பற்றரியைக் குகன் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் குளியலறையில் வைத்திருந்தான்.

"மண்டபத்து விளக்குப் பலகை கண்ணாடியிலை அடிக்குது அக்கா. அந்தாளுக்கும் வயது போட்டுது."

அடுத்த சனியும் அழைத்தார். உங்களைக் கடைசியாகப் பார்க்க வந்து, உங்கள் கையைத் தொட்டுவிட்டுப் போனவர் அவர். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் உங்கள் பெயரைச் சொல்லிச் சாதாரணமாகத்தான் சொன்னார்: "சினியோர் மணி கோப்பி குடிக்க வரவில்லை. இரண்டு கிழமையாகிறது. விதி அவருக்குத் தெரியும்."

மொண்டெல்லோ கடற்கரையில் சாப்பாடு விற்க ஒருவருக்கு வண்டி வேண்டியிருந்தது. குகன் பேசி முடித்துவிட்டான். இன்று, ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. பத்து மணிக்குப் பிறகு நீங்கள் எங்கே போவீர்கள் என்பதுதான் இரவு முழுக்க என் நினைப்பு. எட்டாம் நாள் உங்களை நாங்கள் பிழையான வீட்டுக்கு அழைத்திருந்தால்?

விடிந்ததும் பிட்டும் மீன்குழம்பும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். தெற்கிலிருந்து பாலைவனத் தூசியை அள்ளிவரும் சிரோக்கோ காற்று. வானம் மஞ்சள் நிறமாக இருந்தது. தரிப்பிடத்தில் எல்லாவற்றின் மேலும் செம்மண் தூசி படிந்திருந்தது. மண்டபத்துக்குச் சாளரமும் இல்லை, உள்ளே கடிகாரமும் இல்லை. இரவு முழுக்க விளையாடிய ஒருவர் வெளியே வந்து கண்ணைக் கைகளால் மறைத்துக்கொண்டு, இன்று என்ன நாள் என்று என்னைக் கேட்டார். ஞாயிறு என்றேன். தலையாட்டிவிட்டு என் தோளுக்கு அப்பால் பார்த்து, இன்னொருவருக்கும் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்தேன். உங்கள் வண்டி மட்டும் நின்றது. அதன் படியில் மட்டும் தூசி இல்லை.

நீனோ கூட்டியிருப்பார் என்று நினைத்தேன். அங்கே வந்த அவர் இல்லை என்றார்.

வண்டிக் கதவைத் திறந்தேன். அதில் பூட்டு இருக்க, உட்புறம் ஒரு கனத்த பித்தளைத் தாழ்ப்பாளும் இருந்தது. புதிய திருகாணிகள். அதைப் பற்றிக் கேட்டேன்.

"வண்டி வந்த அன்றே அதைத்தான் முதலில் பொருத்தினார்" என்றார் நீனோ. "அந்தச் சினியோரா வீட்டில் அவருடைய அறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லையாம். இருபத்தெட்டு வருடம். உனக்குத் தெரியாதா?"

தெரியும், அப்பா. குசினிக்குப் பக்கத்திலிருந்த அந்த அறைக்குப் படிக்கிற காலத்தில் நானும் எத்தனை தரம் வந்திருக்கிறேன். சினியோராவைப் போலவே நானும் தள்ளிக்கொண்டுதான் உள்ளே வந்தேன். ஒரு தரம் நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தீர்கள். உடனே துடைத்துக்கொண்டு "சாப்பிட்டியோ?" என்றீர்கள். பிறகு சீசாவில் ஆறு பேருக்கு இரண்டு அறை. எங்கள் வீடுகளில் யார் கதவைத் தட்டுகிறார்கள்?

மேசையில் படைத்தேன். "வந்து சாப்பிடுங்கோ அப்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். காற்று திடீரென்று நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்துக் கைபிடியை இழுத்தேன். திறக்கவில்லை. பூட்டின் திறப்பு என் கையில் இருந்தது. நான் பூட்டவில்லை. தாழ்ப்பாள் உள்ளே விழுந்திருந்தது.

கரண்டி பீங்கானில் படுகிற மாதிரி ஒரு சத்தம். மாதிரி என்றுதான் எழுதுகிறேன்.

பயமில்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். மெல்ல மண்டபத்துக்குள் போனேன். நான் கேட்காமலே நீனோ இரண்டு கோப்பி சொன்னார். ஒன்றை எனக்கு முன்னாலும் மற்றதை எனக்குப் பக்கத்து வெற்றுக் கதிரைக்கு முன்னாலும் வைத்தார்கள். உங்களுடையதையும் நானே குடித்தேன்.

திரும்பி வந்தபோது குகனும் மொண்டெல்லோக்காரரும் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, கதவு இறுகிப்போச்சு. கம்பி ஒண்டு போட்டு நெம்பவேணும்."

"விடு. தட்டு."

"என்ன?"

"எட்டாம் நாள் தட்டாமல் திறந்தனீயெல்லே. இப்ப தட்டு."

என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் உள்ளுக்குள் அது கிடந்திருக்க வேண்டும். மூன்று தரம் தட்டினான், விரல் நுனியால், நோகாமல். நாங்கள் காத்திருந்தோம். உள்ளே பித்தளை பித்தளையோடு உரசி மெல்ல விலகுகிற சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

மொண்டெல்லோக்காரர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று தன் காருக்கு நடந்தார். குகன் உயர்த்திய கையை இறக்காமலே நின்றான்.

"விக்கேல்லை அக்கா," என்றான் பிறகு. "விக்கேல்லை. வா, போவம்."

கதவு திறந்துதான் இருந்தது. நாங்கள் இருவரும் உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்ததும், சாப்பாடு அசைந்ததா என்று அம்மா கேட்டா. பார்க்கவில்லை என்றேன். முதல் தரமாக அவ உங்களைத் திட்டவில்லை.

நாற்பத்தாறு வயதில் இதைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சனியும் அந்த மண்டபத்துக்குப் போய் உங்கள் கோப்பியைக் குடிப்பேன். நீனோவின் விதிப்படி நீங்கள் அங்கே இருக்கலாம். தட்டு கழுவ எப்போதாவது உள்ளே வர வேண்டும். அப்போது மூன்று தரம் தட்டுவேன். நீங்கள் தாழ்ப்பாளை எடுக்கும்வரை வெளியே நிற்பேன், எவ்வளவு நேரமானாலும்.

கதவுக்கு இப்பால் நிற்கும்
உங்கள் மூத்த பிள்ளை,
சுமதி