என் புருஷனைக் கொன்றது கொப்பரை அல்ல, ஏணி

அனுப்புநர்
ஹாவிஸ்,
காலஞ்சென்ற ஆஸ்பர்ட்டின் மனைவி,
மது காய்ச்சி விற்பவள்,
ஆல்டர்விக் கிராமம், நார்ஃபோக் சீமை.

பெறுநர்
உயர்திரு நீதிபதி அவர்கள்,
மன்னரின் சுற்று நீதிமன்றம்,
முகாம்: ஹோல்ம்பரி சந்தையூர்.

பொருள்: குற்றமில்லாத கொப்பரையைப் பறித்துக்கொண்டு, ஆளைக் கொன்ற ஏணியை ஒளித்து வைத்திருக்கும் எங்கள் ஊர் மணியக்காரர் ஜெர்வாஸ் மீது புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, சந்தையில் மனு எழுதுபவர் எழுதுகிறார். மணியக்காரரைப் பற்றி நான் சொன்னதில் நீதிமன்றத்துக்கு ஆகாத வார்த்தைகளை அவர் விட்டுவிட்டார். விட்டது நிறைய.

1. பெந்தகோஸ்து வாரத்து மழையில் எங்கள் கூரை ஒழுகி, அடுப்பில் கொதிக்கும் கொப்பரைக்குள்ளேயே சொட்டியது. அன்றைக்குக் காய்ச்சிய மது முழுவதும் கெட்டுவிடும் என்பதால், அடுப்பை அணைக்காமலே கூரையை அடைக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் நீளமான ஏணி ஒன்றே ஒன்று. அது பிரபுவின் களஞ்சியத்தில் இருக்கிறது. பிரபுவின் பொருளை வெளியே கொடுக்க மணியக்காரருக்கு உரிமை கிடையாது. ஆனாலும் ஒரு குடம் மதுவுக்குக் கொடுத்தார். ஏணியின் ஒரு படி வெடித்துக் கயிறு சுற்றியிருப்பதை நான் காட்டினேன். அதற்கு அவர் சொன்னது: "உன் புருஷன் என்ன எருதா? பயப்படாம ஏறச் சொல்லு. நீ மதுவுல தண்ணி கலக்காம இரு, அது போதும்."

2. ஒழுகிய இடத்தை உள்ளிருந்தே அடைக்க, அடுப்புக்கு மேலாக ஏணியைச் சாய்த்து ஆஸ்பர்ட் ஏறினார். அந்தப் படிதான் முறிந்தது. கொப்பரைக்குள் விழுந்தார். அப்போது கேட்ட சத்தத்தை எழுத வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். சாயங்காலம் வரை உயிர் இருந்தது. சுவாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். அதற்குப் பிறகு ஆஸ்பர்ட்டின் உயிர் போய்விட்டது.

3. ஆபத்தை முதலில் கண்டவர் கூக்குரல் எழுப்ப வேண்டும், கேட்டவரெல்லாம் ஓடி வர வேண்டும் என்பது நாட்டு வழக்கம். நானும் தெருவுக்கு ஓடிக் கத்தினேன். "ஐயோ, கொப்பரை என் புருஷனை முழுங்கிடுச்சே!" என்று கத்தினேன். மறுக்கவில்லை. பன்னிரண்டு பேர் உட்கார்ந்த மரண விசாரணையில் மணியக்காரர் அதையே பிடித்துக்கொண்டார்: "முதல்ல பார்த்தவளே கொப்பரைன்னுதானேப்பா கத்தினா? ஊரே கேட்டுச்சே! இப்ப ஏணி எங்கேர்ந்து வந்துச்சு?" ஒப்பாரியைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்ன ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும். புருஷன் வெந்துகொண்டிருக்கும்போது எந்தப் பெண்ணும் நிதானமாகக் காரணம் பார்த்துக் கத்தமாட்டாள்.

4. ஆளைக் கொன்ற பொருள் கடவுளுக்குச் சேரும்; அதை விற்று, செத்தவருடைய ஆன்மாவுக்காகத் தர்மம் செய்ய வேண்டும். இதுவே சட்டம். அதன்படி என் செப்புக் கொப்பரை குற்றவாளியானது. தாங்கள் வரும்வரை அதைக் காவலில் வைக்கும் பொறுப்பு யாருக்கு? மணியக்காரருக்கு. பாலுக்குப் பூனை காவல். ஏணி என்று தீர்ப்பாகியிருந்தால், பிரபுவின் பொருளைத் திருட்டுத்தனமாகக் கொடுத்தது வெளியே வந்து அவர் பதவி போயிருக்கும்.

5. இப்போது அந்தக் கொப்பரை அவர் வீட்டு அடுப்பில் இருக்கிறது. அவர் மனைவி அதில் மது காய்ச்சுகிறாள். புது மது தயாரானால் வாசல் கழியில் தழைக்கொத்து கட்டுவது வழக்கம். என் வாசல் கழி மொட்டையாக நிற்கிறது. அவர் வாசலில் கொத்து வாடுவதே இல்லை. என் புருஷன் விழுந்த பாத்திரம் என்று தெரிந்தே ஊர் அங்கே போய்க் குடிக்கிறது. கேட்கப் போனேன். "செம்பு சும்மா கிடந்தா களிம்பு ஏறும்மா. கடவுளோட பொருளைக் கெட விடலாமா?" என்றார். ஆஸ்பர்ட்டுக்காக இதுவரை ஒரு பூசைகூட வைக்கவில்லை. பூசை வைத்தால்தான் ஆன்மா மோட்சம் போகும்; அதுவரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவர் காத்துக் கிடக்கிறார். இங்கே அவர் பேரைச் சொல்லி இவன் வயிறு வளர்க்கிறான். (இந்த இடத்தில் "இவன்" என்றே இருக்கட்டும் என்று எழுத்தரிடம் சண்டை போட்டேன்.)

6. தச்சர் தர்ஸ்டன் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர். தீர்ப்பு சொன்ன மறுநாளே மணியக்காரர் அவரைக் கூப்பிட்டு ஏணிக்குப் புதுப் படி போடச் சொன்னார். அவரும் போட்டுக் கொடுத்தார். நான் போய்ச் சட்டையைப் பிடித்தபோது அழுதார்: "ஏணின்னு சொல்ல வாயெடுத்தேன் அக்கா. அந்தாளு என்னைப் பார்த்தாரு. நாக்கு உள்ள போயிடுச்சு." அழுது என்ன பயன்? ஏணியைத் தாங்களே பார்க்கலாம். மற்றப் படிகள் கறுத்திருக்கின்றன, ஒன்று மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

7. பேராசை ஒரு உபகாரம் செய்தது. அவருடைய ஆட்கள் வந்து கொப்பரையைத் தூக்கியபோது, அதன் அடியில் அடுப்புச் சாம்பலில் முறிந்த படியின் பாதி கிடந்தது. ஒரு முனை கருகியிருக்கிறது. கயிறு இன்னும் சுற்றியே இருக்கிறது. கண்ணெல்லாம் செம்பின்மேல் இருந்ததால் அவர்கள் கவனிக்கவில்லை. நான் அதன்மேல் பாவாடையை விரித்து உட்கார்ந்துகொண்டேன். துக்கம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டேன் என்று நினைத்துப் போய்விட்டார்கள்.

8. இதை வெளியே சொன்னால், பொய்க் கூக்குரல் எழுப்பினாள் என்று அபராதம் போடுவதாக மணியக்காரர் மிரட்டியிருக்கிறார். போடட்டும். கொப்பரை இல்லாமல் எனக்குத் தொழில் இல்லை. தொழில் இல்லாமல் குத்தகை கட்ட முடியாது. குத்தகைக் கெடுவான புனித மிக்கேல் திருநாளுக்குள் நானும் என் இரண்டு பெண்களும் தெருவில் நிற்போம். அதற்கு மேல் அவர் என்னிடமிருந்து எதைப் பிடுங்குவார்?

ஆகவே, ஏணியைக் கைப்பற்றி விசாரித்து, அதை விற்று என் புருஷனுக்குப் பூசை வைக்கவும், கொப்பரையை என் அடுப்புக்குத் திருப்பித் தரவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இல்லை, கொப்பரைதான் கொன்றது என்று தாங்களும் சொன்னால், அதை ஊர் நடுவில் வைத்து உடைக்கச் சொல்லுங்கள். சம்மட்டியை நான் கொண்டு வருகிறேன். மணியக்காரர் அடுப்பில் மட்டும் அது இருக்கக் கூடாது.

அன்று பதறித் தவறாகக் கத்திவிட்டேன். இன்று பதறவில்லை. இந்த மனுவையே என் இரண்டாவது கூக்குரலாக எழுப்புகிறேன்: ஏணி கொன்றது, ஏணியைக் கொடுத்தவன் ஜெர்வாஸ். கூக்குரல் கேட்டும் ஓடி வராதவர் யாராக இருந்தாலும் குற்றவாளி என்பது மன்னரின் சட்டம். ஐயா, தாங்கள் இப்போது கேட்டுவிட்டீர்கள்.

இடம்: ஹோல்ம்பரி சந்தையூர்
நாள்: புனித யாகப்பர் திருநாளுக்கு மறுநாள்

இப்படிக்கு,
✝
(ஹாவிஸ் தன் கையால் போட்ட சிலுவைக் குறி)

இணைப்பு: ஏணிப் படியின் பாதி. மற்றப் பாதி எங்கே என்று மணியக்காரரைக் கேட்கவும்.