கீழ்ப்பாதி உங்களுடையது

மார்ச் 3

வாண்டுவின் அப்பாவுக்கு,

சென்ற ஞாயிறு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் திரும்பி வரணும்னா இன்னும் என்னதான் செய்யணும், சொல்லித் தொலை" என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்துகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதால் கதவைச் சாத்திவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன். போனில் வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன். அது உங்களுக்கும் தெரியும்.

நம் மகள் போன மாதம் வந்தபோது என் கணினியில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். ஒரு கொட்டகை, நடுவில் காரின் வெறும் கூடு, தரை முழுக்க என்ஜின் பாகங்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தி, அதற்குரிய ஸ்பேனரை வைத்து, மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டி போல்ட்டுகளை இறுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இறுக்காவிட்டாலும் பாகம் கீழே விழாது. ஒட்டிக்கொண்டு சமர்த்தாக நிற்கும். ஆட்டமும் காட்டிக்கொடுக்காது. வண்டி ஓடும்போதுதான் தெரியும்.

இதே ஆட்டம் உங்கள் கணினியிலும் திறக்கும்படி வாண்டு செய்து தருவாள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடரலாம். கீழ்ப்பாதி உங்களுடையது: கிராங்க் என்கிற சுழல்தண்டு, அதோடு தண்டு வைத்து இணைக்கிற பிஸ்டன்கள், கடைசியாக அடியில் மூடுகிற ஆயில் தொட்டி. மேல்பாதி என்னுடையது. ஒரே ஒரு நிபந்தனை. முடித்துவிட்டேன் என்று நீங்கள் எழுதினால் நான் நம்புவேன். திறந்து பார்க்க மாட்டேன். காலமெல்லாம் அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே பிழைத்தவளுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த வண்டி கொட்டகையிலிருந்து கடைத்தெரு வரைக்கும் ஓடிவிட்டால் நீங்கள் பெட்டியோடு வரலாம்.

இப்படிக்கு,
வாண்டுவின் அம்மா


மார்ச் 19

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

ரிட்டயர் ஆன பிறகும் வீட்டுப்பாடம் கொடுக்கிற டீச்சர் உலகத்திலேயே நீ ஒருத்திதான். "என்னடா, பேரன் எடுக்கிற வயசுல பொம்மைக் காரா?" என்று அண்ணன் கேலி செய்கிறார். அண்ணிதான், "சும்மா இருங்க, அவ கூப்பிடுறாளே, அதைப் பாருங்க" என்று அதட்டினார். அண்ணிக்கு என்னைவிட அவசரம். மாடியில் குடியேறிய கொழுந்தனுக்குப் பரிமாறும்போது கரண்டி பாத்திரத்தில் மோதுகிற சத்தம் நாளுக்கு நாள் கூடுகிறது. அவரையும் குறை சொல்வதற்கில்லை.

நல்ல செய்தி: என் பாதி முடிந்தது! கிராங்க் உட்கார்ந்தது, பிஸ்டன்கள் ஏறின, தொட்டியையும் மூடிவிட்டேன். ஒரு போல்ட் விடவில்லை. சக்கரத்தை உருட்டி உருட்டி விரல் வீங்கிவிட்டது என்றால் நம்புவாயா? நீதான் நம்புவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாயே! என் பாதி கல் மாதிரி நிற்கிறது. இனி உன் கையில்.

உன் பழைய மாணவன் (எப்போதும் கடைசி பெஞ்சு)


ஏப்ரல் 2

வாண்டுவின் அப்பாவுக்கு,

என்ஜின் ஓடியது!

கசிவைத் தடுக்கிற கேஸ்கெட் தகட்டைத் தலைகீழாக வைத்துவிட்டு, மேல்பாதி முழுவதையும் கழற்றித் திரும்ப மாட்டினேன். அதனால்தான் தாமதம். இன்று சாவியைத் திருப்பினேன். இருமியது, செருமியது, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது கூடத் தெரியவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நடுவில் ஒருநாள் ஸ்பேனரோடு தொட்டிக்கு அடியில் போய்விட்டேன். கை பரபரத்தது. கொடுத்த வாக்கை நினைத்துத் திரும்பி வந்தேன். நீங்கள் என்னைப் பாராட்டலாம்.

இந்த வாரக் கடைசியில் கடைத்தெருவுக்கு ஓட்டிப் பார்க்கிறேன். பீரோவில் மேல்தட்டை ஒழித்து வைத்திருக்கிறேன். கீழ்த்தட்டுக்குக் குனிந்தால் உங்கள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அடுத்த வாரம் ஞாயிறு வாருங்கள்.

அன்புடன்,
வாண்டுவின் அம்மா


ஏப்ரல் 6

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

பெட்டி கட்டியாயிற்று. அண்ணி இன்று சிரித்துக்கொண்டே பரிமாறினார், எனக்கே பயமாகிவிட்டது.

ஒரு விஷயம். ஓட்டும்போது வண்டி ஏதாவது மக்கர் செய்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. விளையாட்டுத்தானே, அதிலேயே ஏதாவது கோளாறு இருக்கும். ஞாயிறு காலையில் வந்துவிடுவேன்.

உன்னவன்


ஏப்ரல் 9

வாண்டுவின் அப்பாவுக்கு,

கடைத்தெருவுக்கு முன்னால் இருக்கிற ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. ஒரு பிஸ்டன் தண்டு என்ஜினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து கிடந்தது.

முதலில் என் மேல்தான் சந்தேகப்பட்டேன். என் பாதியை ஒவ்வொரு போல்ட்டாகச் சோதித்தேன். குறை தெரியவில்லை. அதன் பிறகே தொட்டியைக் கழற்றினேன். தொட்டியின் போல்ட்டுகள் நன்றாக இறுகியிருந்தன, வெளியே தெரிகிறவை ஆயிற்றே. உள்ளே பிஸ்டன் தண்டுகளில் ஸ்பேனரே பட்டிருக்கவில்லை. எல்லாவற்றையும் பொருத்தி, உள்ளே எதையும் இறுக்காமல், அடியில் அழகாக மூடி, விரல் வீங்கியது என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

வகுப்பில் கணக்குத் தெரியாத பிள்ளை வெறும் தாளைக் கொடுக்கும். அதன் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கலாம். விடையை எங்கிருந்தோ பார்த்தெழுதி, அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடும் போட்டுக் கொடுக்கிற பிள்ளையிடம் எங்கே ஆரம்பிப்பது?

எனக்கு மார்பில் கட்டி வந்தபோது, "பெரிய டாக்டரைப் பார்த்துப் பேசிட்டேன், பயப்பட ஒண்ணுமில்லையாம்" என்றீர்கள். நம்பி, பரிசோதனையைத் தள்ளிப்போட்டேன். அது வளர்ந்த பிறகு அதே டாக்டரிடம் சிகிச்சைக்குப் போனேன். "உங்க வீட்டுக்காரரா? நான் அவரைப் பார்த்ததே இல்லையேம்மா" என்றார். உங்களை ஏன் அனுப்பினேன் என்று வாண்டு கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். இன்றுவரை அவளிடம் இதைச் சொல்லவில்லை.

"அலுப்பா இருக்கு, என்னால முடியல" என்று ஒரு வரி எழுதியிருந்தால், உங்கள் பாதியையும் நானே இறுக்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே செய்திருப்பேன். பெட்டியோடு வாருங்கள் என்றும் எழுதியிருப்பேன்.

ஞாயிறு வர வேண்டாம். வேறு எந்த நாளும் வேண்டாம். வாண்டுவிடம் நானே பேசிக்கொள்கிறேன். அண்ணியிடம் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், பாவம்.

ஆட்டத்திலிருந்து நான் விலகிவிட்டேன். அது இனி உங்களுடையது. கொட்டகை மேசையில் புதிய என்ஜின் கூடு ஒன்றை வைத்திருக்கிறேன். ஒரே ஒரு பிஸ்டனை எடுத்துப் பொருத்தி, அதன் போல்ட்டுகளை முழுக்க இறுக்கிப் பாருங்கள். செய்தீர்களா என்று எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
வாண்டுவின் அம்மா