சரக்குப் பெட்டிக்குப் பொட்டு

ஆயுத பூசை, இரவு.

பால்மா டின்னை வெட்டி நானே செய்த குட்டிச் சரக்கு ரயில் பெட்டி அது. பல வருடம் மழையில் நின்ற பெட்டி போலத் தெரியவேண்டுமென்று செங்கல் தூளைத் தேயிலைச் சாயத்தில் குழைத்து, துருவாகப் பூசியிருந்தேன். அதற்கே ஒரு மாதம் போனது.

இன்று நான் வேலை செய்யும் பக்டரியில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், சாமி படத்துக்கு முன்னால் அது பளபளவென்று நிற்கிறது.

"என்னடி செஞ்ச?" என்று மனைவியிடம் கத்திவிட்டேன்.

"எம்புட்டு அழுக்குங்க! அப்பிடியே பூசையில வைக்கலாமா? சோப்புப் போட்டுத் தேய்ச்சி, பொட்டும் வச்சிட்டேன்," என்றாள் செல்வி, பெருமையாக.

கோபத்தில் சோறு இறங்கவில்லை. பொட்டையாவது துடைப்போம் என்று துணியோடு போனேன். ஈரத்தகரத்தில் வைத்த சந்தனமும் குங்குமமும் கலந்து, கதவு இடுக்கு வழியாக வழிந்து காய்ந்திருந்தன. பார்த்தால் அசல் துரு! நான் பூசியிருந்தது வெறும் சேறு.

துடைக்கவில்லை. அடுத்த பெட்டிக்கு அவளுடைய குங்குமச் சிமிழைக் கேட்க வேண்டும். எதுக்குங்க என்பாள். அழுக்காக்கத்தான் என்று எந்த வாயால் சொல்வேன்?