உப்பு நீங்களா, நானா?

ராத்தா,

நேற்றுக் காலை உங்கள் மகள் வந்திருந்தாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய தட்டையான பொருள் ஒன்று. “உம்மாவோட அலமாரிய ஒழிச்சோம் சாச்சி. இது உங்ககிட்டதான் போகணும்னு முந்தியே சொல்லி வச்சிருந்தாங்க” என்று நீட்டினாள். பிரிக்கும் முன்பே என் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. கம்பித் தட்டு. நம்முடைய பழைய மின்சார அடுப்பு ஆயுளை முடித்துக்கொண்டபோது ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோமே, அதில் உங்களுடையது. என்னுடையது இன்னும் என் சமையலறையில்தான் இருக்கிறது. சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க வேறு எதையும் நான் வாங்கியதில்லை.

அவள் உட்காரவில்லை. உங்கள் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வீடு வீடாகச் சொல்லப் போகிற அவசரம். வாசல்வரை போனவள் திரும்பி, “பிரியாணிக்குச் சொல்லியாச்சு. அந்த பீன்ஸ் மட்டும் நீங்க செய்யணும் சாச்சி. அந்தக் கதைய உம்மா எத்தனை தடவ சொல்லியிருக்காங்க தெரியுமா?” என்றாள்.

எனக்கெப்படித் தெரியும்? நீங்கள் சொன்ன கதையில் யார் வீரம் பெரிதாக வந்ததோ, அதுவும் தெரியாது. இப்போது என் பங்குக்கு நான் சொல்கிறேன். நடுவில் புகுந்து திருத்த நீங்கள் இல்லை. அதனால் நான் சொல்வதுதான் நிற்கும்.

தோ பாயோவுக்கு வருமுன் நான் எப்படிச் சமைத்தேன் என்று உங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஐம்பதுகளில் கல்யாணமாகிக் கப்பலேறி வந்து இறங்கியது சிராங்கூன் சாலைக் கடைவீடு ஒன்றின் மாடி அறையில். வீட்டில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் கீழே ஒரே சமையலறை. கடைசியாக வந்தவள் என்பதால் என் முறையும் கடைசியில்தான் வரும். அணைந்துகொண்டிருக்கிற கரியை ஊதி ஊதிச் சமைப்பேன். முறைக்குக் காத்திருக்கும் நேரத்தில் மளிகைப் பொட்டலத் தாள்களை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எனக்குப் பள்ளிக்கூடம் அதுதான். வரவுசெலவு எழுதப் பழகியதும் அங்கேதான். யாரும் ஊதாமல் தானே எரிகிற ஒரு நெருப்பு, என் முறைக்காகவே காத்திருக்கிற ஒரு நெருப்பு வேண்டுமென்று முருகனிடம் கேட்டிருக்கிறேன். பெரிய பெரிய வரங்களுக்கு நடுவில் இதையும் செருகி வைப்பேன்.

அறுபதுகளின் கடைசியில் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. கீழே எங்கு பார்த்தாலும் வெட்டிப்போட்ட செம்மண். மேலே நீளத் தாழ்வாரம், இரண்டு கதவு தள்ளி நீங்கள். குடிவந்த அன்றே என் வாசலில் நின்று, “கறிவேப்பிலைத் தொட்டிய முதல்ல இறக்கி, அப்புறமா பெட்டி படுக்கைய இறக்குறியே தங்கச்சி. நீ நம்ம ஆளு” என்றீர்கள். அன்றிலிருந்து நான் உங்கள் தங்கச்சி, நீங்கள் என் ராத்தா.

அறுபத்தொன்பதாம் ஆண்டு தீபாவளிக்குச் சில நாள் முன்பு அந்த மின்சார அடுப்பு வந்தது. என் வீட்டுக்காரர் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பண்டகசாலையில் வேலை பார்த்தார். பட்டாளம் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த காலம். கப்பலேறும் குடும்பம் ஒன்று, தூக்கிப்போக மனமில்லாமல் அதை அவரிடம் கொடுத்துவிட்டது. கண்ணாடிக் கதவு, உள்ளே இரண்டு கம்பித் தட்டு, வெளியே எண் போட்ட திருகு. கணக்கில் ‘அடுப்பு’ என்று எழுதினேன். எதிரே எழுதத் தொகை இல்லாததால் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டை அன்று எத்தனை முறை பார்த்தேனோ.

ஆனால் எங்கள் வீட்டில் பெரியக்கா இருந்தார். என் வீட்டுக்காரரின் மூத்த அக்கா. தாயில்லாத தம்பிகளை வளர்த்தவர். அவர் சொல்லை இவர் தாண்டியதில்லை. சுத்த சைவம். அடுப்பின் கதவைத் திறந்ததும் உள்ளே படிந்திருந்த கொழுப்பு வாடை அவர் மூக்கில் ஏறியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “எந்த மாட்டச் சுட்டாங்களோ” என்றார். பிறகு தம்பியைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார். சஷ்டி விரதம் முடிகிறவரை பொறுப்பார். அதற்குள் அந்தப் பெட்டி போகாவிட்டால், அவர் சின்னத் தம்பி வீட்டுக்குப் போய்விடுவார். இவர் அன்றே பழைய சாமான் எடுக்கும் கரங்குனிக்காரனிடம் சொல்லிவைத்தார், சஷ்டிக்கு மறுநாள் வந்து எடுத்துக்கொள் என்று.

உங்களிடம் வந்து அழுதேன். நீங்களும் வந்து உள்ளே எட்டிப் பார்த்தீர்கள். பார்த்த வேகத்தில் பின்வாங்கினீர்கள்.

“அவங்களுக்கு மாடு, எனக்குப் பன்னி. ரெண்டு வீட்டுக்கும் ஆகாத அடுப்ப எங்கேருந்து தங்கச்சி புடிச்சாரு உன் வீட்டுக்காரரு?”

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில்தான் வழியும் பிறந்தது. இரண்டு வீட்டுக்கும் ஆகாததை இரண்டு வீட்டு முறைப்படியும் சுத்தம் செய்தால்? உங்கள் வீட்டுக்காரர் பள்ளிவாசலில் கேட்டு வந்து சொன்னார்: ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீர். நீங்கள் கீழே இறங்கிப் போய் ஒரு வாளிச் செம்மண்ணோடு வந்தீர்கள்.

மண்ணைப் பார்த்துப் பெரியக்கா, “அடுப்பக் கழுவுறீங்களா, நாத்து நடுறீங்களா?” என்று கேட்டார்.

“நாத்து வேணும்னாலும் நடலாம்க்கா. மண்ணு கீழ சும்மாதானே கெடக்கு” என்றீர்கள் நீங்கள், முழங்கைவரை சேற்றோடு.

கம்பிச் சுருளில் தண்ணீர் படக்கூடாது என்று என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கத்திக்கொண்டே இருந்தார். சுருளைத் துணியால் மூடி, தட்டுகளைத் தனியே எடுத்து, உட்பக்கத்தைத் துடைத்துத் துடைத்து உங்கள் ஏழு தரத்தையும் முடித்தோம். பிறகு என் முறை. புளி, எலுமிச்சை, மஞ்சள் நீர். கதவில் திருநீறு பூசி, வெறும் அடுப்பைச் சூடாக்கி, முன்னே கற்பூரம் காட்டினேன். கழுவிய தண்ணீர் தாழ்வாரத்தில் முதலில் சிவப்பாகவும் பிறகு மஞ்சளாகவும் ஓடியதைப் பார்த்து எதிர்வீட்டுச் சீன அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரியக்கா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார். அவ்வளவுதான்.

என்ன செய்வது என்று அடுத்த கேள்வி. கேக் என்றால் முட்டை. பெரியக்கா இருக்கிற வீட்டில் முட்டை நுழையாது. உங்கள் பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “காய் வை. தெரிஞ்ச காயா வை. புது அடுப்புல புது வித்தை வேணாம்.” தேக்கா சந்தைக்குப் போனோம். பீன்ஸ் குவியலில் ஒவ்வொன்றாக எடுத்து நீங்கள் காதோரம் வைத்து ஒடித்தீர்கள். சத்தம் வராதது ஆகாது என்பது உங்கள் சட்டம். கடைக்காரி மலாயில் திட்டத் திட்ட, ஒடித்ததை எல்லாம் நானே வாங்கினேன்.

அந்த வருஷம் ஓர் அதிசயம் நடந்தது. தீபாவளி அமாவாசை கழிந்து எங்கள் சஷ்டி தொடங்கிய அன்று மாலையே உங்கள் பிறையும் வந்தது. ஒரே நிலாவை வைத்து நான் என் விரதத்தை எண்ணினேன், நீங்கள் உங்கள் நோன்பை எண்ணினீர்கள். பெரியக்கா ஆறு நாளும் பகலில் ஒருவேளை, உப்பில்லாத ஒரு பிடி சோறு மட்டும் சாப்பிட்டார்.

ஆறாம் நாள் மாலை வீட்டிலிருந்தவர்கள் சூரசம்ஹாரம் பார்க்கக் கோயிலுக்குப் போனார்கள். திரும்பி வந்து குளித்து, படைத்து, விரதம் முடிப்பார்கள். நான் அடுப்போடு தங்கிவிட்டேன். குளித்து, தொழுகைக்குப் போல் கைகால் கழுவி ஒளூ செய்துகொண்டு நீங்கள் வந்தீர்கள். வேலை மிக எளிது. பீன்ஸை விரல் நீளத்துக்கு ஒடித்து, ஈரம் போகத் துடைத்து, நல்லெண்ணெய், இடித்த மிளகு, சீரகம் போட்டு நீங்கள் பிசறினீர்கள். நான் தேங்காய் துருவிக் கறிவேப்பிலையோடு மேலே தூவினேன். படைத்ததை நீங்கள் உண்ண மாட்டீர்கள், படைக்காததை நான் உண்ண மாட்டேன். அதனால் முதலிலேயே இரண்டு தட்டாகப் பிரித்தோம். மேல்தட்டு உங்கள் நோன்பு திறப்புக்கு, கீழ்த்தட்டு என் முருகனுக்கு. ஒரே சூடு.

திருகில் இருந்த எண்களை வாசிக்கத் தெரிந்தது. எந்த எண் பீன்ஸுக்கு என்று யாருக்கும் தெரியாது. நடுவில் வைத்தோம். அடுப்புக்கு எதிரே நான் முருகன் நாமத்தை நூற்றெட்டாக எண்ணிச் சொல்லத் தொடங்கினேன், நீங்கள் தஸ்பீஹ் மணியை உருட்டினீர்கள். நான் இரண்டாம் சுற்றை முடித்தபோது நீங்களும் மணியை நிறுத்திவிட்டு முகர்ந்தீர்கள். தேங்காய் பொன்னிறம். பீன்ஸின் முனைகள் சுருங்கி, லேசாகக் கருகி, தட்டில் எண்ணெய் சடசடத்துக்கொண்டிருந்தது. அந்த மணத்தை நாம் இருவரும் வயிறு காய்ந்த நிலையில் நின்று வாங்கினோம். உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் போனீர்கள்.

படைத்தேன். பெரியக்கா ஈரத் தலையோடு இலைமுன் உட்கார்ந்தார். ஆறு நாள் விரதம் முடித்தவர் இலையில் முதலில் அந்த பீன்ஸை வைத்தேன். வைத்துவிட்டு என் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். பக்கத்து வீட்டு வானொலியில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. கொஞ்ச நேரத்தில் தாழ்வாரத்தில் தடதடவென்று காலடி. வாசலில் நீங்கள். துப்பட்டி நழுவித் தோளில் கிடக்க, கையில் உப்பு டப்பா.

டப்பாவைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிசறுகிற கைதான் உப்புப் போடும் என்று நான் இருந்தேன். சாமிக்குப் படைப்பதற்கு உப்பு என் கையால்தான் விழவேண்டும் என்று நீங்கள் மரியாதையாக விட்டுவிட்டீர்கள். ருசி பார்க்க என் நாக்குக்கும் அனுமதியில்லை, உங்கள் நாக்குக்கும் இல்லை.

பெரியக்கா மென்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் ஒரு வாய் போட்டுவிட்டு, “உப்பு…” என்று தலை நிமிர்ந்தார்.

“பேசாமத் தின்னுடா” என்றார் பெரியக்கா. “ஆறு நாளா உப்பு காணாத நாக்கு இது. பீன்ஸு இவ்ளோ இனிக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது. இன்னும் கொஞ்சம் வை.”

கடைசித் துண்டுகளை நான் அவர் இலையில் வைத்தபோது உங்களை அவர் நிமிர்ந்து பார்த்தார். டப்பாவை அவசரமாகத் துப்பட்டிக்குள் ஒளித்தீர்கள்.

“அத வீட்டுக்கே கொண்டு போம்மா. இங்க தேவைப்படல” என்றார்.

நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அவ்வளவு சத்தமாக நீங்கள் சிரித்து அதற்குமுன் நான் கேட்டதில்லை. நான் பூசையறைக்குள் ஓடிப்போய் முருகன் முன்னால் நின்றேன். கும்பிடக்கூடத் தோன்றவில்லை. பார்த்தாயா, பார்த்தாயா என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கரங்குனிக்காரன் கீழே வந்து ஹார்ன் அடித்தான். எனக்கு முன்னால் பெரியக்கா தாழ்வாரச் சுவரில் சாய்ந்து, தமக்குத் தெரிந்த இரண்டு மலாய்ச் சொல்லில் ஒன்றை அவன் தலைமேல் வீசினார்: “தடா! தடா!” இல்லை, ஒன்றும் இல்லை, போ. அவன் போகும்வரை நின்று பார்த்தார். அன்று மாலை கணக்கை எடுத்து, அந்தக் கோட்டுக்கு எதிரே ‘நிலைத்தது’ என்று எழுதினேன்.

அதன்பிறகு அந்த அடுப்பு எங்கள் சஷ்டிக்கும் உங்கள் பெருநாளுக்கும் சேர்ந்தே உழைத்தது. கதவைச் சாத்திக்கொண்ட சீன அம்மாவே பிறகு தன் பிஸ்கட் மாவோடு வந்து என் அடுப்பு ஒழிவதற்குக் காத்திருந்தாள். கடைசி முறைக்குக் காத்துக் கிடந்தவள் வீட்டு வாசலில், நெருப்புக்காக மற்றவர்கள் காத்திருந்தார்கள் ராத்தா. அவர்களை ஒருபோதும் நிற்கவைத்ததில்லை, நாற்காலி போட்டேன்.

நாம் சேர்ந்து சமைத்த எல்லா வருஷங்களிலும், கடைசித் துருவல் விழுந்ததும் யாராவது ஒருவர் கேட்போம்: “உப்பு நீங்களா, நானா?” பிறகு வீடு மாறினோம்; வேறு வேறு புளோக், வேறு வேறு அடுப்பு. தொலைபேசியில்கூட முதல் பேச்சாக அதைத்தான் கேட்பீர்கள்.

உங்கள் ஃபாத்திஹாவுக்காக இன்று காலை அடுப்பில் இரண்டு தட்டு பீன்ஸ் வைத்தேன். தேங்காயைத் தூவிவிட்டு, வழக்கம்போல் கேட்டேவிட்டேன், சத்தமாக. அடுப்பு மட்டும் உறுமியது. “சரி, நானே” என்று ஒரு தட்டுக்கு உப்புப் போட்டேன். மற்றதற்குப் போடவில்லை. இரண்டையும் இறக்கி, நம் இரண்டு கம்பித் தட்டுகளின் மேல் ஆறவைத்து, உங்கள் வீட்டுக்குக் கொண்டு போனேன்.

உங்கள் பேரப்பிள்ளைகள் உப்பில்லாத தட்டைத்தான் முதலில் காலி செய்தார்கள், ராத்தா.