ஒன்றரை நாள் பயணமும் கூட்டாத வீடும்

சேசு மரி சூசை துணை

அனுமந்தன்பட்டி
14-11-1948

அன்பு மகள் பிலோமினாவுக்கு அப்பா இன்னாசி ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குச் சுகம். லண்டனில் நர்சு படிப்புக்குப் போயிருக்கும் நீ சுகமா என்பதை இந்த ஒரு தடவை வழக்கத்துக்காக இல்லாமல் நிஜமாகவே கேட்கிறேன். செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, மழைதான் இந்த வாரம் ஏமாற்றிவிட்டது, பக்கத்துக் களத்தில் சோளம் தூற்றுகிறார்கள், அந்தத் தூசியெல்லாம் நம் வீட்டுக்குள்தான்.

பம்பாயிலிருந்து லண்டன் ஐயாயிரம் மைல், விமானம் ஒன்றரை நாளில் கொண்டு சேர்த்துவிடும் என்று நீ எழுதியபோது, கரியில் ஓடுகிற பஸ்ஸில் மதுரை போகவே அரை நாளாகிற ஊர்க்காரன் நான் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீடு கூட்டக்கூடாது என்பது அவள் சட்டம் என்று உனக்குத் தெரியும். எத்தனை நாளைக்குக் கூட்டாமல் இருக்கணும் என்று கேட்டாள். செவ்வாய் ராத்திரி ஏறினால் வியாழன் காலை இறங்கிவிடுவாள் என்று நான்தான் கணக்குச் சொன்னேன், அவளும் விளக்குமாற்றைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டாள். புதன் காலை வீட்டைப் பூட்டி, சாவியை அவள் மடியில் முடிந்துகொண்டு இருவரும் பூசைக்குப் போனோம். திரும்பி வந்து திறந்தால், தூசியில் வெறுங்கால் தடம். நிலைப்படியிலிருந்து நீ விட்டுப்போன டிரங்குப் பெட்டி வரை ஏழு காலடி. உள்ளே வந்த தடம்தான், வெளியே போன தடம் இல்லை. இடது காலில் சுண்டுவிரல் பதியவில்லை. சின்ன வயதில் அம்மிக் குழவி விழுந்து நசுங்கிய உன் விரல் தரையில் படாது என்பது எனக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாற்பது பிள்ளைகளை அதட்டி மேய்க்கிற வாத்தியார் நான், நிலைப்படியைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றேன்.

வியாழன் சாயங்காலம் தந்தி வந்தது, நீ பத்திரமாக வந்து சேர்ந்ததாக. ஆனால் அது உன் பெயரில் இல்லை, அங்குள்ள கன்னியர் மடத்துத் தாயார் பெயரில் இருந்தது. தந்தி வந்துவிட்டதே, இனிக் கூட்டு என்றேன். போன காலு அங்கன போய்ச் சேந்துருச்சுன்னா இங்கன வந்த காலு யாருது என்று உன் அம்மா கேட்கிறாள். பஞ்சம்மாள் அத்தை, இது செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிற ஆத்துமாக்கள் மாதம் என்று ஆரம்பித்தாள், வாயை மூடு என்று கத்திவிட்டேன்.

புதன் காலை இங்கே ஏழு மணிக்கு நீ எந்த நாட்டுக்கு மேல் இருந்தாய், தூங்கினாயா, வீட்டை நினைத்தாயா, எல்லாம் எழுது. இந்தக் கடிதம் வந்து சேர ஒரு வாரம், உன் பதில் வர ஒரு வாரம். அதுவரை நாங்கள் சுவரை ஒட்டித்தான் நடக்கிறோம். நேற்றுப் பொறுக்கமுடியாமல் நானே விளக்குமாற்றை எடுத்தேன். உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழிச்சுப்புட்டா எம்புள்ள எந்தத் தடத்தப் பாத்துத் திரும்பிப் போவா என்று.

குளிருக்குக் காதை மூடிக்கொள், செபமாலையை விடாதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். பதிலை வேறு யாரையும் எழுதச் சொல்லாதே, ஒரே வரியானாலும் உன் கையெழுத்தில் வரட்டும்.

உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும் அப்பா,
ம. இன்னாசி