ட்ராம் கதவு திறந்தபோது

9 ஜூன் 1998, செவ்வாய். மெல்பர்ன்.

தூங்காமல் இதை எழுதுவது தவறுதான். யாரிடமும் சொல்லத் தைரியம் இல்லை.

இன்று கார் ஓட்டும் வகுப்பில், நடுச்சாலைத் தண்டவாளத்தில் முன்னால் போன ட்ராம் ஆள் இறக்க நின்றது. ஊரில் நிற்கும் பஸ்ஸைத் தாண்டுவதுபோல ஹார்ன் அடித்துக்கொண்டே அதன் இடப்பக்கம் நுழைந்துவிட்டேன். கதவு திறந்து, கைக்குழந்தையோடு ஒரு பெண் நேராகச் சாலையில் இறங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுத்தரும் குணம் அண்ணா, பயிற்சிக் காரில் தன் பக்கம் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்தார். அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி கார் நின்றது.

"பிள்ளை, ட்ராம் நிண்டா நீயும் நிக்கோணும்! ஹார்னுக்குக் கதவு மூடுமே?"

"தெரியும்ணா. கால் பிரேக்குக்குப் போகல."

எழுத்துத் தேர்வில் நான் ஒரு கேள்விகூடத் தவறவிடவில்லை. இந்த விதியும் அதில் இருந்தது.

அந்தப் பெண் திட்டவில்லை. குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். நடைபாதையில் ஏறிப் போனாள்.

வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை எனக்கு. இந்த மாதம் லைசென்ஸ் வாங்காவிட்டால் அந்த வேலை இல்லை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கிய நான் ஊருக்குத் திரும்பிப் போய் என்ன சொல்வது?

கண்ணை மூடினால் அந்தத் தொப்பிதான்.

காரிலிருந்து இறங்கும்போது சொல்லாமல் விழுங்கிவிட்டதை நாளை கேட்டுவிட வேண்டும். "அண்ணா, அதே ஸ்டாப்புக்கு மறுபடி கூட்டிட்டுப் போங்க. ஆனா உங்க காலை பிரேக்லயே வச்சிருங்க."